ஒலிவாங்கி யாருக்குச் சொந்தம்?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பிழைப்புக்காக வந்த ஊரில் வானொலிப் பெட்டியைத் திருகும்போது நம் மொழி காதில் விழுந்தால் உள்ளம் குளிர்கிறது. ஆனால் அந்த மொழி அங்கே எப்படி வந்தது, யார் நினைத்தால் நின்றுபோகும் என்று நாம் கேட்பதில்லை. கேட்டே தீரவேண்டும் என்பதற்கு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து வானொலி நிலையம் ஒன்றின் வரலாறு சான்று.

அந்த நிலையத்தின் பெயர் கே.எச்.ஜே. 1922இல் தொடங்கியது. 1965இல் ராக் இசையை ஒலிபரப்பி அந்நகரத்து இளைஞர்களைக் கட்டிப்போட்டது. பண்பலை வானொலி வளர்ந்ததும் இசை கேட்போர் அந்தப் பக்கம் போயினர். 1980இல் நிலையம் அந்தப் பாணியையே கைவிட்டது. அதன் உரிமையாளரான ஆர்.கே.ஓ. ஜெனரல் நிறுவனமோ, உரிமம் வைத்திருக்கவே தகுதியற்றது என்று 1987இல் தீர்ப்பாயிற்று. விளம்பரதாரர்களிடம் பொய்க்கணக்கு, அரசு ஆணையத்திடம் உண்மை மறைப்பு ஆகியவையே குற்றச்சாட்டுகள். தன் நிலையங்களை அது ஒவ்வொன்றாக விற்றது. 1990 வாக்கில் கே.எச்.ஜே. லிபர்மன் என்ற தந்தை-மகன் நிறுவனத்தின் கைக்கு வந்தது. ஒலிபரப்பு ஸ்பானிய மொழிக்கு மாறியது.

"வந்தேறிகள் எங்கள் வானொலியைப் பறித்தார்கள்" என்ற குரல் இத்தகைய மாற்றங்களின்போது எழுவதுண்டு. நமக்கும் பழகிப்போன குரல்தான் அது! உண்மை என்ன? நிலையத்தைத் தளரவிட்டவர்கள் ஸ்பானியம் பேசும் மக்கள் அல்லர். விற்றவர்களும் அவர்கள் அல்லர். மேலும், அந்த ஊரில் ஸ்பானியம் நேற்று வந்த மொழியும் அல்ல. 1781இல் அந்த ஊரை நிறுவியதே ஸ்பானிய ஆட்சி. 1848 வரை கலிபோர்னியா மெக்சிகோவின் பகுதி. சட்டங்கள் இரு மொழிகளிலும் வெளியிடப்பட வேண்டும் என்று 1849ஆம் ஆண்டு அரசியல் சட்டம் கூறியது. 1879இல் அந்த உரிமை நீக்கப்பட்டது.

அதன்பின் ஸ்பானிய மொழி வானொலியில் வாடகைக் குடியாயிற்று. விலை மலிவான விடியற்காலை நேரமே அதற்குக் கிடைத்தது. பேத்ரோ கொன்சாலஸ் என்ற பாடகர் அந்நேரத்தில்தான் பாடினார், பேசினார். வேலைக்குப் புறப்படும் தொழிலாளர்கள் கேட்டனர். 1930களின் தொடக்கத்தில் மெக்சிகோ மக்களைக் கூட்டங்கூட்டமாக நாடுகடத்தியபோது அவர் ஒலிவாங்கியின் முன் நின்று கண்டித்தார். 1934இல் பாலியல் குற்றம் சாட்டிச் சிறைக்கு அனுப்பினர். சாட்சி சொன்ன பெண்ணே பின்னர் அதை மறுத்தும் விடுதலை இல்லை. 1940இல் வெளியே விட்டு, நாடுகடத்தினர்.

தோழர்களே, மொழி வானொலியில் இருந்தால் என்ன செய்யமுடியும் என்பதற்கு இன்னொரு காட்சி. உரிய தாள்கள் இல்லாமல் குடியேறியவர்களைக் குற்றவாளிகளாக்கும் மசோதா ஒன்று 2005 டிசம்பரில் அமெரிக்கக் கீழவையில் நிறைவேறியது. லாஸ் ஏஞ்சல்ஸின் ஸ்பானிய வானொலி அறிவிப்பாளர்கள், தங்களுக்குள் போட்டியாளர்களாக இருந்தும், ஒன்றுகூடினர். "வெள்ளை உடுத்தி, அமைதியாக வாருங்கள்" என்று அழைத்தனர். 2006 மார்ச் 25 அன்று திரண்டவர்கள் 5,00,000 பேர் என்று காவல்துறையே கணக்கிட்டது. அந்த மசோதா சட்டமாகவில்லை.

ஆயினும் இது வெற்றிக் கதையோடு முடியவில்லை. அதே கே.எச்.ஜே. 2014இல் மறுபடியும் கைமாறியது. வாங்கியது ஒரு கத்தோலிக்க ஒலிபரப்பு அமைப்பு. நிலையம் ஆங்கிலத்திற்குத் திரும்பியது. 24 ஆண்டுகளாக ஸ்பானியப் பாட்டுக் கேட்டுச் சமைத்தவர்களையும் வண்டி ஓட்டியவர்களையும் யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. ஸ்பானியம் வந்தபோதும் மக்களைக் கேட்கவில்லை, போனபோதும் கேட்கவில்லை. இரண்டு முறையும் முடிவு செய்தது உரிமைப் பத்திரமே.

நாம் கற்கவேண்டிய பாடம் இதுதான். முதலாளி நம் மொழி பேசுகிறார் என்பதால் நிலையம் நமதாகிவிடாது. நம் காதுகளுக்கு விளம்பரச் சந்தையில் விலை இருக்கும் வரை நம் மொழி ஒலிக்கும். விலை குறைந்தால் ஓயும்.

வானலைகள் பொதுச்சொத்து என்று நம் உச்சநீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. இலாப நோக்கற்ற பதிவுபெற்ற அமைப்புகளும் சமுதாய வானொலிக்கு விண்ணப்பிக்க 2006இல் வழி திறந்தது. சிறு வட்டாரத்துக்குள் மட்டும் கேட்கும் வானொலிதான். ஆனால் அதை ஒருவர் மற்றொருவருக்கு விற்றுவிட முடியாது. பொங்கல் விழாவிற்கு மேடை போடும் நாம், நம் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு ஒலிவாங்கியை நிறுவ முடியாதா? அண்டை வீட்டு மராத்தியரும் கன்னடரும் அதில் பேசட்டும். வாடகை நேரத்தில் பேசியது போதும்.

இதுபற்றி அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டுமென்று கேட்டு அமைகிறோம்.