பாட்டிலோடு காகிதமும் வீடு வரட்டும்

(வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவரின் வானொலி உரை)



வேம்பார் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தூத்துக்குடிப் பக்கமிருந்து வரும் டேங்கர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். ஆபத்தான சரக்கு ஏற்றிய லாரியென்றால் அதில் ஒரு பலகை இருக்கும். சரக்கின் பெயர், நான்கு இலக்க எண், மூலை மேல் நிற்கும் சதுரத்துக்குள் ஒரு படம், விபத்து நேர்ந்தால் கூப்பிட வேண்டிய போன் நம்பர், எல்லாம் அதில் எழுதியிருக்கும். 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்லும் ஏற்பாடு அது. டிரைவரிடமும் ஓர் அட்டை இருக்க வேண்டும். சரக்கு சிந்தினால் என்ன செய்வது, ஆள் மேல் பட்டால் என்ன முதலுதவி என்பதெல்லாம் அதில் இருக்கும். டிரைவர் மயங்கிக் கிடந்தாலும் அந்தக் காகிதம் பேசும்.

"இதெல்லாம் துறைமுகத்துச் சமாசாரம், நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். கரிசலில் விதைப்பு முடிந்ததும் பருத்திக்கும் மிளகாய்க்கும் விளாத்திகுளம் போய் மருந்து வாங்கி, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வருகிறோமே, அதுவும் ஆபத்தான சரக்குதான். மருந்து, மருந்து என்று சொல்லிச் சொல்லியே அது விஷம் என்பது நமக்கு மறந்துபோய்விட்டது.

பாலிடால் என்ற பெயரை அறியாத கிராமம் இல்லை. பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லிதான் அந்தப் பெயரில் வந்தது. 1958ஆம் வருஷம் கேரளத்துக்குக் கப்பலில் வந்த கோதுமை மாவோடு இந்த மருந்தும் ஒன்றாக வந்தது. மருந்து கசிந்து மாவு மூட்டையில் இறங்கிவிட்டது. மாவைப் பார்த்தால் மாவு மாதிரிதான் இருந்தது. அதைத் தின்றவர்களில் நூறு பேருக்கும் மேல் செத்துப்போனார்கள். அரசாங்கம் விசாரணைக் கமிஷன் வைத்தது. பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968இல் வந்தது, அதன் விதிகள் 1971இல் வந்தன. பத்து வருஷம் ஆகியிருக்கிறது பாருங்கள். உணவுப் பொருளோடும் கால்நடைத் தீவனத்தோடும் ஒட்டி உரசும்படி பூச்சிமருந்தை ஏற்றவோ வைக்கவோ கூடாது என்று அந்த விதிகள் சொல்கின்றன.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? வாடகைக்குப் பிடித்த குட்டியானையில் புண்ணாக்கு மூட்டை, ரேஷன் அரிசி, அதன் மேலே மருந்து டப்பா. காசு மிச்சம்தான், ஒத்துக்கொள்கிறேன். கேரளத்துக் கப்பலிலும் இப்படித்தான் வந்தது. மருந்தைத் தனியாக ஒரு மரப்பெட்டியிலோ பிளாஸ்டிக் வாளியிலோ நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள். ஆட்கள் நிறைந்த பஸ்ஸில் கொண்டுவரவே வேண்டாம்.

இனி காகித விஷயத்துக்கு வருகிறேன். "பில் வேண்டாமென்றால் கொஞ்சம் குறைத்துப் போடுறேன் அண்ணாச்சி" என்று யாராவது சொன்னால் அந்தக் கடைப் படியைவிட்டு இறங்கிவிடுங்கள். பில்லில் மருந்தின் பெயர், பேட்ச் நம்பர், காலாவதித் தேதி, அளவு, விலை, கடையின் லைசென்ஸ் நம்பர், உங்கள் பெயர் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். மருந்து போலி என்று தெரிந்தால் புகார் சொல்ல உங்களுக்கு வேறு சாட்சி கிடையாது.

பில்லைவிட முக்கியம் டப்பாவோடு வரும் துண்டுப் பிரசுரம். எறும்பு எழுத்தில் பல பாஷைகளில் அச்சடித்திருப்பார்கள். பெரியவர்கள் கண்ணுக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் போகிற பேரப்பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். விஷம் ஏறினால் என்ன அறிகுறி, என்ன முதலுதவி, டாக்டர் என்ன மாற்று மருந்து கொடுப்பார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு வட்டாரத்தில், மருந்தடித்தவர் ஒருவரை வாயில் நுரை தள்ளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். "என்ன மருந்து?" என்று டாக்டர் கேட்டார். "ஏதோ புழு மருந்து சார்" என்றார்கள். பக்கத்துக் காட்டுக்காரரிடம் பாதி வாங்கி சர்பத் பாட்டிலில் ஊற்றி வந்திருக்கிறார்கள். லேபிள் ஏது? டாக்டர் அறிகுறியைப் பார்த்து வைத்தியத்தைத் தொடங்கினார். அவருடைய தம்பி ராத்திரியோடு ராத்திரியாகச் சைக்கிளில் போய், பக்கத்துக் காட்டுக்காரர் தொழுவத்தில் கிடந்த அட்டைப் பெட்டியை எடுத்து வந்தார். ஆள் பிழைத்தார். அந்தத் தம்பியின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பெயர் ஏன் வேண்டும் தெரியுமா? குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ் வகை என்றால் அட்ரோபின் ஊசி உயிரைக் காக்கும். பாராகுவாட் களைக்கொல்லிக்கு மாற்று மருந்தே கிடையாது. அதைக் குடித்தவருக்கு அவசியமில்லாமல் ஆக்ஸிஜன் வைத்தால் நுரையீரல் இன்னும் கெடும். அதையெல்லாம் டாக்டர் பார்த்துக்கொள்வார். பெயரைத் தர வேண்டியது நாம். 108க்குப் போன் போட்டுவிட்டு, நனைந்த துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவுங்கள். குடித்துவிட்டவரை வாந்தி எடுக்கவைக்காதீர்கள். டப்பாவையும் பிரசுரத்தையும் ஆளோடு கையில் கொண்டுபோங்கள்.

வேம்பார்க்காரர்களுக்கு இன்னொரு சங்கதி. வழியில் டப்பா உடைந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவி ஓடையில் விடாதீர்கள். மழை பெய்தால் ஓடைத் தண்ணீர் கடலுக்குத்தான் போகும். நல்லதண்ணி, உப்புத்தண்ணித் தீவுகளைச் சுற்றி நம் மீனவச் சகோதரர்கள் வலை விடுகிறார்கள். சைபர்மெத்ரின் போன்ற மருந்து துளி அளவே மீனைக் கொல்லும். சிந்திய இடத்தில் காய்ந்த மண்ணைப் போட்டு, ஊறிய மண்ணை வாரி, கிணற்றுக்கும் ஊருணிக்கும் எட்டாத இடத்தில் புதையுங்கள். கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள்.

டப்பாவில் மூலை மேல் நிற்கும் சதுரத்தின் கீழ்ப்பாதி நிறத்தையும் வாங்கும்போதே பாருங்கள். சிவப்பு மிகக் கடுமையான விஷம். அதற்கு அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சை என்றால் விஷமே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம்.

பில்லையும் பிரசுரத்தையும் ரேஷன் கார்டு வைக்கும் பெட்டியிலேயே அறுவடை முடியும்வரை வையுங்கள். மருந்தடிக்க வரும் ஆளுக்கு, டேங்கைத் தோளில் மாட்டும் முன்னே அதைப் படித்துக் காட்டுங்கள்.