அந்த 61 எந்தப் பக்கம்?

(சீனன்குடாவில் நிகழ்த்திய உரை)



மேடையில் பச்சைப் பொய் பேசுபவனைக் கண்டுகொள்வது எளிது. மெய்யான எண்ணையும் மெய்யான சொல்லையும் கொண்டே நம்மை ஏமாற்றுகிறானே, அவனிடம் ஏமாறாதிருப்பதுதான் கடினம். உதாரணம் தேடி நாம் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. இந்தச் சீனன்குடாவின் பற்றைக்காட்டுக்குள் நிற்கும் எண்ணெய்க் குதங்களையே எடுத்துக்கொள்வோம்.

பிரித்தானியர் தம் கடற்படைக்காகக் கட்டிய குதங்கள் இவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1987ல் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் இவையும் இடம்பெற்றன. 2022 ஜனவரியில் புதிய ஏற்பாடு ஒன்று ஒப்பமிடப்பட்டது. மொத்தக் குதங்கள் 99. அவற்றுள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, லங்கா ஐ. ஓ. சி. கம்பெனிக்கு 14, எஞ்சிய 61ம் இரு பகுதியாரும் சேர்ந்த கூட்டுக் கம்பெனிக்கு. அக்கம்பெனியில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம், மற்றவரின் பங்கு 49 வீதம்.

இனி வித்தையைப் பாருங்கள். ஏற்பாட்டைப் புகழ விரும்புபவர் 24ஐயும் 61ஐயும் கூட்டி, "85 குதங்கள் நமதாயின!" என்று முழங்கலாம். இகழ விரும்புபவர் 14ஐயும் 61ஐயும் கூட்டி, "75 குதங்கள் இந்தியாவுக்குப் போயின!" என்று அலறலாம். இரு கூட்டலிலும் பிழையில்லை. ஆயினும் 85ஐயும் 75ஐயும் சேர்த்தால் 160 வருகிறது. 99 குதங்கள் 160 ஆகப் பெருகிய அற்புதம் எங்ஙனம் நிகழ்ந்தது? தம்பலகாமத்து உழவர்க்கு நாம் விளக்கவேண்டுமா? பங்குக்குச் செய்த வயலின் விளைவு முழுவதையும் காணிக்காரனும் தன் கணக்கில் எழுதி, உழுதவனும் தன் கணக்கில் எழுதினால், களத்தில் கிடக்கும் நெல் இரட்டிக்குமோ? கூட்டுக் கம்பெனியில் முடிவு செய்பவர் யார், இலாபம் எவ்வாறு பிரியும், இவ்வூர் இளைஞர்க்கு வேலை எத்தனை என்பனவே கேட்கத்தக்க கேள்விகள். இரண்டு எண்களின் முழக்கத்தில் இவை காதில் விழுவதில்லை.

எண்ணை மாற்றுவதைவிடச் சொல்லை மாற்றுவது கொடியது. நெல்லைக் கொள்ளும்போது ஒரு மரைக்கால், கொடுக்கும்போது வேறொரு மரைக்கால் வைத்திருக்கும் வியாபாரியை நாம் அறிவோம். அரசியலிலும் அவன் உண்டு. 1956ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், இதே திருகோணமலையில் கூடிய தமிழரசுக் கட்சி மகாநாடு சமஷ்டி அரசியலமைப்பைக் கோரிற்று. சமஷ்டியென்பது ஒரே நாட்டுக்குள் அதிகாரத்தைப் பகிர்வது. அதற்குப் பிரிவினை என்று பெயர் சூட்டினர் எதிர்த்தரப்பினர். 1957 ஜூலை 26ஆம் நாள் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் உண்டாயிற்று. சமஷ்டி பற்றிப் பேச இயலாதென்று பிரதமர் தெளிவாக்கிவிட்டார் என அதன் வாசகத்திலேயே எழுதப்பட்டிருந்தது. கிடைக்கவிருந்தவை பிரதேச சபைகள் மாத்திரமே. அப்படியிருந்தும் நாடு துண்டாடப்படுகிறது என்ற கூக்குரல் ஓயவில்லை. அவ்வாண்டு ஒக்டோபரில் ஜயவர்த்தனா கண்டியை நோக்கி யாத்திரை புறப்பட்டார். 1958 ஏப்ரல் 9ஆம் நாள் பிரதமர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். ஒப்பந்தத்தில் இல்லாததை இருப்பதாகச் சொல்லி, அந்த இல்லாததோடு போரிட்டு வென்றார்கள். தோற்றது மட்டும் உள்ளபடியே இருந்த ஒப்பந்தம்.

இந்த மரைக்கால் மாற்றம் நீதிமன்றம் வரையிலும் சென்றது. கட்சியின் யாப்பில் 'சமஷ்டி'க்குப் பதில் 'இணைப்பாட்சி' என்று எழுதியதையே பிரிவினைக்குச் சான்றாகக் காட்டினர். சமஷ்டி கோருவது தனிநாடு கோருவதாகாது என்று உயர் நீதிமன்றம் 2017 ஓகஸ்ட் 4ஆம் நாள் தீர்ப்பளித்தது. ஒரு சொல்லின் பொருளைத் துலக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன!

பிறர் குற்றத்தையே பேசிக்கொண்டிருந்தால் நாமும் அதே மரைக்காலைத்தான் தூக்குகிறோம். 1926ல் பண்டாரநாயக்காவே சமஷ்டியை ஆதரித்தார் என்று மேடைதோறும் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். செய்தி உண்மை. ஆனால் அது அவருடைய முரண்பாட்டைக் காட்டுமேயன்றிச் சமஷ்டி நல்லதென்று நிறுவாது. அதை நிறுவ வேறு நியாயங்கள் வேண்டும். அவற்றைத் தேடும் சிரமத்தைக் கைதட்டல் நமக்கு மிச்சப்படுத்திவிட்டது. இதனினும் பெரிய பாவம் ஒன்றுண்டு. மாற்றுக் கருத்துச் சொன்ன தமிழனைத் 'துரோகி' என்றோம். ஆளை இகழ்ந்துவிட்டால் அவன் சொன்னதற்கு விடை கூறவேண்டியதில்லை அன்றோ! அந்தச் சொல் பின்னாளில் உயிர்களையும் குடித்தது. அதை நாம் மறைத்துப் பேசின், எதிர்த்தரப்பினரின் புரட்டைச் சுட்டிக்காட்டும் யோக்கியதை நமக்கு இல்லை.

ஆகவே எவரேனும் உரத்துப் பேசும்போது நாமும் உரத்துப் பேசவேண்டாம். "நீர் பிரிவினை என்கிறீர், எந்தப் பத்திரத்தின் எந்த வாசகம்?" என்று அமைதியாகக் கேட்போம். அவர் வேறொன்றுக்குத் தாவினால், முதற் கேள்விக்கே திரும்புவோம். அவர் கூற்றை அவரே ஒப்புக்கொள்ளும் வண்ணம் நாம் எடுத்துரைத்த பின்னரே மறுப்போம். இதில் கைதட்டல் குறைவு. பொறுமை அதிகம் வேண்டும்.

இங்கே சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் எஞ்சினியர்களும் வந்திருக்கிறீர்கள். 2022ஆம் ஆண்டு ஏற்பாட்டை உழவர்க்குத் தமிழில் வரிவரியாக வாசித்து விளக்க ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். அடுத்த கூட்டத்தில் 85 என்றும் 75 என்றும் முழங்குவோரிடம், கிண்ணியாவிலிருந்து வந்த உழவர் ஒருவரே எழுந்து, "அந்த 61 எந்தப் பக்கம், ஐயா?" என்று கேட்டுவிடுவார்.