காடு யாருக்குச் சொந்தம்?
(அய்யம்பாளையம் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பழனி மலைக் காடு மலைவாசிகள் விவகாரம். மில் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் அங்கே என்ன வேலை?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். வேலை இருக்கிறது, தோழர்களே!

மருதாநதியில் தண்ணீர் வந்தால்தான் இங்கே நடவு உண்டு, தோப்பில் கூலி உண்டு. அந்தத் தண்ணீரைத் தருவது மலைமேல் உள்ள காடு. சோலைக்காடு பெய்த மழையைப் பிடித்து வைத்து, கோடையிலும் கொஞ்சங் கொஞ்சமாகக் கசிய விடுகிறது. காடு அழிந்தால் அடி விழுவது முதலில் நம் வயிற்றில்தான்.

காட்டை அழித்தது யார்? விருப்பாட்சி கோபால் நாயக்கரை 1801இல் தூக்கிலிட்ட வெள்ளைக்காரன்தான், 1882இல் மதராஸ் வனச் சட்டம் போட்டான். தலைமுறை தலைமுறையாகத் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த பளியர்கள் சொந்த மலையிலேயே திருடர்கள் ஆக்கப்பட்டார்கள். காப்பித் தோட்ட முதலாளிக்கோ மலைச்சரிவு பட்டாவாகக் கிடைத்தது!

வெள்ளைக்காரன் போனான்; அவன் போட்ட வழி போகவில்லை. தோல் ஷாப்புக்குப் பட்டை வேண்டுமென்று சீகை மரம், செயற்கை நூலுக்குக் கூழ் வேண்டுமென்று தைல மரம். இப்படிப் புல்வெளிகளிலெல்லாம் அந்நிய மரங்களை சர்க்காரே நட்டது. புல்வெளி சுருங்கியது, ஊற்றுகள் வற்றின. பளியர் கொண்டுபோன ஒரு கூடைக் கிழங்கால் வந்த கேடா இது?

2006இல் பார்லிமெண்டில் வன உரிமைச் சட்டம் நிறைவேறியது. இடதுசாரிகளும் ஆதிவாசி மக்களும் போராடிப் பெற்ற சட்டம் இது. உழுத நிலத்துக்கு, 4 ஹெக்டேர் வரை, உரிமை. தேன், கடுக்காய் முதலிய சிறு வனப்பொருள்களின் மீது உரிமை. காட்டைக் காக்கும் அதிகாரம் கிராம சபைக்கு. ஆனால் தமிழ்நாட்டில் 2008இல் வந்த கோர்ட் உத்தரவால் பட்டா வழங்குவது முடங்கியது. 2016இல்தான் சுப்ரீம் கோர்ட் அந்தத் தடையை விலக்கியது.

இதற்கிடையில், 2013இல் சுமார் 600 சதுர கிலோமீட்டர் காடு கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. யானையும் காட்டுமாடும் வாழட்டும், நாம் எதிர்க்கவில்லை. அவற்றுக்குப் பயிரைப் பறிகொடுத்தவனுக்கு உரிய நஷ்டஈடு உடனே கொடு என்கிறோம். சரணாலயத்துக்குள்ளும் வன உரிமைச் சட்டம் செல்லும். உரிமைகளை முடிவு செய்யாமல், கிராம சபையின் சம்மதம் இல்லாமல், எவரையும் வெளியேற்றக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதுமா? வாச்சாத்தியை நினையுங்கள்! 1992இல் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று போன வனத்துறை, போலீஸ், ரெவின்யூ கூட்டம் ஊரையே சூறையாடியது. 18 பெண்களைக் கெடுத்தது. செங்கொடி இயக்கம் விடவில்லை. 2011இல் 215 பேருக்குத் தண்டனை கிடைத்தது. 2023இல் ஹைகோர்ட்டும் அதை உறுதி செய்தது. தனியாக நின்றிருந்தால் அந்த ஏழை மக்களின் குரல் எவர் காதில் விழுந்திருக்கும்?

ஆகவே நாம் கோருகிறோம்: கிராம சபையைக் கூட்டு! உரிமை மனுக்களை முடித்துப் பட்டா கொடு! அந்நிய மரத்தை நீக்கி சோலையை மீட்கும் வேலையை மலை மக்களுக்கே நியாயக் கூலியோடு கொடு!

மலையில் பளியர், அடிவாரத்தில் விவசாயக் கூலி, ஆலையில் தொழிலாளி: குடிப்பது ஒரே மலையின் தண்ணீர். போராட்டமும் ஒன்றாகட்டும்!

உழைக்கும் மக்கள் ஐக்கியம் ஓங்குக!