அடை வைக்கும் முன்னே

சேவலோடு சேர்ந்த கோழியின் முட்டை வெளியே விழும்போதே அதற்குள் கரு இருக்கிறது. ஓடு கட்டும் நேரத்திலேயே, தாயின் உடல் சூட்டில் அது வளரத் தொடங்கிவிடுகிறது. வெளியே வந்து சூடு தணிந்ததும் வளர்ச்சி நின்றுவிடும், உயிர் நிற்பதில்லை. கோழி பல நாள் இட்டுச் சேர்த்த முட்டைகளும் ஏறக்குறைய ஒரே நாளில் பொரிப்பது இதனால்தான். கடையில் வாங்கும் பண்ணை முட்டை பொரிக்காது. அந்தக் கூண்டுகளில் சேவலே கிடையாது.

பொரிக்காத முட்டைக்கு அடைக்கோழியையும் இன்குபேட்டரையும் குறை சொல்வது வழக்கம். தவறு பெரும்பாலும் அதற்கு முன்பே, முட்டையைச் சேர்த்து வைத்த இடத்தில் நடந்திருக்கும். சேமிப்புக்கு ஏற்றது 13 முதல் 18 டிகிரி செல்சியஸ். சுமார் 24 டிகிரியைத் தாண்டினால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, நலிந்து செத்துப்போகும். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டு அலமாரியில் இருக்கும் முட்டைக்கு நேர்வது இதுதான். வீட்டுக் குளிர்பெட்டியோ அளவுக்கு மீறிய குளிர். ஈரமணல் நிரப்பிய மண்பானையை நிழலில் வைத்து, மேலே முட்டைகளை அடுக்கி, பருத்தித் துணியால் மூடுவது எளிய வழி. கூர்முனை கீழே இருக்க வேண்டும். அகன்ற முனையில்தான் காற்றறை இருக்கிறது. ஏழு நாளுக்குமேல் சேர்ப்பது நல்லதல்ல. கோடையில் நான்கு நாளே அதிகம். அழுக்கான முட்டையைக் கழுவி அடை வைப்பதும் கூடாது. ஓட்டின் நுண்துளைகளை மூடியிருக்கும் மெல்லிய படலம் தண்ணீரில் போய்விட்டால் கிருமிக்கு வழி திறந்துவிடும்.

அடைக்கோழி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். தீனியும் தண்ணீரும் பக்கத்தில் இருந்தால் போதும். விசிறி உள்ள இன்குபேட்டரில் 37.5 டிகிரி, அதாவது 99.5 ஃபாரன்ஹீட் வெப்பம் வேண்டும். மின்சாரம் ஒரு மணி நேரம் நின்றால் கரு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். சூடு 40 டிகிரிக்கு மேல் ஏறினால் தாங்காது. ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதம் இருக்க வேண்டும். முட்டையின் ஒரு பக்கத்தில் பென்சிலால் குறியிட்டு, நாளுக்கு மூன்று அல்லது ஐந்து முறை திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். ஒற்றைப்படையாகத் திருப்பினால் நீண்ட இரவுப் பொழுதில் நாள்தோறும் ஒரே பக்கமே மேலே இருக்காது.

ஏழாம் நாள் இரவு, இருட்டறையில் டார்ச் விளக்கை அகன்ற முனையில் பிடித்தால் உள்ளே நடப்பது தெரியும். நடுவில் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து சிலந்திக் கால்போல நாலாபுறமும் ஓடும் செந்நரம்புகள்: அது உயிருள்ள முட்டை. வெறும் வெளிச்சமாகத் தெரிந்தால் கரு கூடவில்லை. நரம்புகள் இன்றி ஒரு சிவப்பு வளையம் மட்டும் நின்றால், கரு வளரத் தொடங்கிச் செத்திருக்கிறது. இந்த இரண்டையும் அன்றே எடுத்துவிட வேண்டும். அழுகிய கூமுட்டை வெடித்தால் மற்றவையும் கெடும்.

பதினெட்டாம் நாளோடு திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதமாக உயர்த்த வேண்டும். இருபத்தொன்றாம் நாளையொட்டி ஓட்டில் விரிசல் காணும். அதற்குப் பிறகும் குஞ்சு வெளிவர ஒரு நாள்வரை ஆகலாம். அந்த நேரத்தில்தான் மிச்ச மஞ்சள் கருவையும் நரம்புகளில் ஓடும் இரத்தத்தையும் உடலுக்குள் இழுத்துக்கொள்கிறது. பரிதாபப்பட்டு ஓட்டை உரித்தால் இரத்தம் கசிந்து குஞ்சு இறக்கும். மூடியை அடிக்கடி திறந்தாலும் சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிவிடும். உள்ளிழுத்த மஞ்சள் கரு இரண்டு நாளைக்குத் தீனியாகும். ஆகவே இறகு நன்றாகக் காயும்வரை குஞ்சுகளை உள்ளேயே விட்டுவைக்கலாம்.