நொந்த இருதயமும் ஊக்க மருந்தும்

(சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தளர்ந்தவனைத் தட்டியெழுப்புதல் நன்று என்பது நம்மிடையே வழங்கும் எண்ணம். மாரடைப்பினால் தளர்ந்த இருதயத்துக்கும் அது பொருந்துமா என்பதே இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள்.

இருதயம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 100,000 தடவை துடிக்கின்றது. அதற்கு வேண்டிய ஒட்சிசனை முடியுரு நாடிகள் கொண்டுவருகின்றன. அவ்வாறு வரும் ஒட்சிசனில் ஏறத்தாழ முக்காற்பங்கினை, உடல் ஓய்ந்திருக்கும்போதே இருதயம் எடுத்துவிடுகின்றது. ஆதலால், வேலை கூடினால் குருதியோட்டமும் கூடியே ஆகவேண்டும். மாரடைப்பிலோ குருதிக்கட்டி நாடியை அடைத்து அவ்வழியை மூடிவிடுகின்றது.

எனினும், அடைப்புக்கு அப்பாலுள்ள இழையம் முழுவதும் உடனே இறந்துவிடுவதில்லை. அழிவு இருதயச் சுவரின் உட்புறத்திற் தொடங்கி, வெளிப்புறம் நோக்கி மணிக்கணக்கிற் பரவுகின்றது என்பதை றைமர், ஜெனிங்ஸ் முதலியோர் 1977இல் நாய்களைக்கொண்டு காட்டினர். இடையில் ஊசலாடும் இழையம் பிழைக்கவுங்கூடும், மாளவுங்கூடும்.

இனி, மருந்துகளைப் பார்ப்போம். 1785இல் ஆங்கில வைத்தியர் வில்லியம் விதரிங் நூலெழுதி விளக்கிய டிஜிற்றாலிஸ், இருதயம் சுருங்கும் விசையைக் கூட்டுவது. ஐசோபுரொட்டரனோல் விசையோடு வேகத்தையும் கூட்டுவது. 1971இல் அமெரிக்காவில் மறோக்கோ, பிறவுண்வால்ட் முதலியோர், முடியுரு நாடி அடைக்கப்பட்ட நாய்களுக்கு இவற்றைக் கொடுத்துச் சோதித்தனர். சேதம் பெருகிற்று. இருதயத்தின் வேலையைக் குறைக்கும் புரொப்பிரனலோலைக் கொடுத்தபோதோ சேதம் குறைந்தது. தீனியில்லாத வண்டில் மாட்டைச் சாட்டையால் அடித்தால் நாலடி விரைந்து நடக்கும், பின்னர் விழுந்துவிடும். ஒட்சிசன் பெறாத இழையத்தின் நிலையும் அதுவே.

அப்படியாயின் ஊக்க மருந்து நஞ்சோ? அன்று. செயலிழந்து பருத்த இருதயத்திற் சுவரின் இழுவிசை மிகுதி. ஒட்சிசன் தேவையும் மிகுதி. மருந்தினால் இருதயம் சிறுத்தால் அத்தேவை தணியவுங்கூடும். குருதியழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்து நேருமிடத்து, இன்றும் வைத்தியர்கள் இத்தகைய மருந்துகளை அளவறிந்து கொடுக்கின்றனர். ஆனால் முதன்மையான சிகிச்சை, அடைபட்ட நாடியை மருந்தினாலோ குழாய் செலுத்தியோ விரைவில் திறப்பதேயாம்.

தோழர்களே, இதில் நமக்கும் ஒரு கடமையுண்டு. வீட்டிற் பெரியவரொருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்து நின்றால், வாயுக்கோளாறென்று இஞ்சிச்சாறு கொடுத்துக் காலங்கடத்தாதீர்கள். தெம்பு வருமென்று நடக்கவும் விடாதீர்கள். அவரை இருத்தி, 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரவழையுங்கள். கடந்துபோகும் ஒவ்வொரு நிமிடத்திலும், காப்பாற்றக்கூடிய இழையம் குறைந்துகொண்டே போகின்றது.