பச்சைக்குப் பக்கத்துல அரக்கு: மொனேவும் காஞ்சிபுரத் தறியும்

இன்னைக்கு ஓவியம் பத்திப் பேசப்போறோம். ஆனா பேசுறது மியூசியத்துல இருந்து இல்ல, பெரிய காஞ்சிபுரத்துல இருந்து.

இங்க பட்டு எடுக்க வர்ற பெரியவங்க, சேலை பிடிச்சிருந்தாலும் உடனே பில் போட விட மாட்டாங்க. "வாசல் வெளிச்சத்துல ஒரு தடவை காட்டுங்க"ன்னு கேட்பாங்க. டியூப்லைட்டுல ஒரு நிறம், வெயில்ல வேற நிறம். கிட்டத்தட்ட இதே சந்தேகத்தோடதான் 19-ஆம் நூற்றாண்டு பிரான்ஸ்ல சில ஓவியர்கள் ஸ்டூடியோவை விட்டு வெளிய வந்தாங்க.

அப்போ அங்க ஓவியத்துக்குள்ளயே மேல், கீழ் இருந்தது. புராணமும் வரலாறும் வரைஞ்சா உசத்தி. வயல், ஆறுன்னு இயற்கைக் காட்சி வரைஞ்சா அதுக்குக் கீழ. பழம், பாத்திரம் வரையுற 'ஸ்டில் லைஃப்' கடைசிப் படி. மொனே, பிஸாரோ, செசான் எல்லாம் 1874-ல் பாரிஸ்ல தனியா ஒரு கண்காட்சி வெச்சாங்க. மொனேவோட 'இம்ப்ரெஷன், சன்ரைஸ்' படத்தோட பேரை வெச்சு ஒரு விமர்சகர் அடிச்ச கிண்டல்தான் 'இம்ப்ரெஷனிஸ்ட்'ங்கிற பேரா நிலைச்சுப்போச்சு. அந்தக் கடைசிப் படியில இருந்த ஆப்பிளை செசான் வாழ்க்கை முழுக்கத் திரும்பத் திரும்ப வரைஞ்சார்.

இவங்க படங்கள்ல நிழல் கறுப்பா இருக்காது. நீலமா, ஊதாவா இருக்கும். இந்த நிற அறிவுக்கு முக்கியமான ஒரு வேர், ஒரு நெசவுக்கூடத்துல இருக்கு. பாரிஸ்ல கோப்லான் திரைச்சீலைக் கூடத்தோட சாயப் பிரிவுக்கு செவ்ருல்னு ஒரு வேதியியலாளர் தலைமை வகிச்சார். கறுப்புச் சாயம் மங்கலா இருக்குன்னு புகார் வந்தது. சோதிச்சுப் பார்த்தா சாயத்துல குறையில்ல. பக்கத்துல இருந்த நீலமும் ஊதாவும்தான் அதை மங்க வெச்சது. ஒரு நிறம் எப்படித் தெரியும்ங்கிறதைப் பக்கத்து நிறமும் தீர்மானிக்குதுன்னு 1839-ல் புத்தகமா எழுதினார். ஓவியர்கள் அதை எடுத்துக்கிட்டாங்க.

இப்போ நம்ம தறிக்கு வருவோம். மயில் கழுத்து நிறம் ஒரே நூல் இல்ல. பாவு ஒரு நிறம், ஊடை வேற நிறம். நீலமும் பச்சையும் கலக்குறது நம்ம கண்ணுல. கோர்வைச் சேலைல உடலுக்கு ஒரு நாடா, ரெண்டு கரைக்கு ரெண்டு நாடா. பச்சை உடலுக்கு அரக்குக் கரை வெச்சா ரெண்டுமே கூடுதலா எடுப்பாத் தெரியும். செவ்ருல் எழுதின அதே விஷயம். நிறத்தோட பேரைக் கேளுங்க: மாம்பழம், கத்தரிப்பூ, வெங்காயத் தோல், கிளிப்பச்சை. ஒரு ஸ்டில் லைஃபே இருக்கு!

ஆனா மொனேவைக் கலைஞர்னு சொல்ற நாம, இங்க தறில உட்கார்றவரைத் தொழிலாளின்னு சொல்லி நிறுத்திக்கிறோம். பாரிஸ்ல உடைஞ்ச அந்தப் படி நம்ம மனசுல இன்னும் உடையல. தறி ஓடின பல வீட்டுப் பிள்ளைங்க இப்போ ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போறாங்க. அதைத் தப்புன்னு நான் சொல்லமாட்டேன். கூலி கட்டலைன்னா யார்தான் உட்காருவாங்க? ஆனா தறி நின்னா நிக்கிறது துணி மட்டும் இல்ல. எந்தப் பச்சைக்கு எந்த அரக்குன்னு சொல்ற கண்ணும் அதோட போயிடும். அந்தக் கண்ணுக்கும் சேர்த்துத்தான் விலைன்னு வாங்குற நாம புரிஞ்சுக்கணும்.

மொனே 1890-கள்ல ருவான் தேவாலயத்தோட முகப்பை வேற வேற நேரத்து வெளிச்சத்துல முப்பது தடவைக்கு மேல வரைஞ்சார். உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்: ராஜசிம்மப் பல்லவன் கட்டின கைலாசநாதர் கோயிலைக் காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பாருங்க. போன் வேண்டாம். அந்த மணற்கல் என்ன நிறம்னு எனக்கு எழுதுங்க. ரெண்டு பதில் வரும்னு நினைக்கிறேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.