வீட்டுக் கணினிக்கு எந்தக் காவல்?



2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், விண்டோஸ் எக்ஸ்பி கொண்ட கணினிகள் இருந்த எத்தனையோ வீடுகளில், யாதொரு முகாந்தரமுமின்றித் திரையில் ஓர் அறிவிப்புத் தோன்றி, அறுபது விநாடிகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்து, யந்திரம் தானாகவே அணைந்து, மறுபடி இயங்கத் தொடங்கிய சற்று நேரத்துக்கெல்லாம் அதே உபத்திரவத்தை மீண்டும் ஆரம்பித்தது. 'பிளாஸ்டர்' என்ற கணினிப் புழுவின் காரியம் அது. அவ்வீட்டார் சந்தேகத்துக்குரிய மின்னஞ்சல் எதையும் திறக்கவில்லை. கண்ட இடத்திலிருந்து எதையும் இறக்கிக்கொள்ளவுமில்லை. கணினியை இணையத்தோடு இணைத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஏற்கெனவே பீடிக்கப்பட்ட ஒரு கணினி, முகவரி முகவரியாகத் தேடிச் சென்று, 135 என்ற எண்ணுள்ள போர்ட், அதாவது வாசல், எங்கே திறந்திருக்கிறதோ அங்கே புகுந்து, அவ்விடத்திலிருந்து அடுத்த கணினியைத் தேடியது.

இதில் மனத்தை வருத்துவது என்னவென்றால், விண்டோஸில் அந்தப் புழு புகுவதற்கு வழிவிட்ட குறையைச் சரிசெய்யும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதற்கு முந்திய மாதமே வெளியிட்டிருந்தது. போர்ட்டை அடைக்கவல்ல ஃபயர்வாலும் எக்ஸ்பியின் உள்ளேயே இருந்தது. ஆனால் சாதாரணமாக அது அணைக்கப்பட்ட நிலையிலேயே மக்கள் கைக்கு வந்து சேர்ந்தது. மறு வருஷம் ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2 தான் அதைத் தானாகவே இயங்கும்படி செய்தது. ஆகையால், எந்த ஃபயர்வாலை வாங்கலாம் என்று என்னிடம் விசாரிக்கும் நண்பர்களிடம், உள்ளே இருப்பது இயங்குகிறதா என்பதையே நான் முதலில் கேட்கிறேன்.

அதன் வேலை என்ன? வலையமைப்பின் வழியே வரும் செய்திகள் இன்ன நிரலுக்கு உரியவை என்று பிரித்தறிவதற்காகவே போர்ட்டுகள் ஏற்பட்டன. அவற்றின் எண்கள் 65,535 வரை செல்லும். நாம் ஒரு வலைத்தளத்தைக் கேட்டு, அதற்கு மறுமொழியாக வருவதை ஃபயர்வால் அனுமதிக்கிறது. நாம் கேளாமல் தானே வந்து தட்டுவதை மறுத்துவிடுகிறது. வீட்டிலுள்ள வைஃபை ரௌட்டரும், பல சாதனங்களுக்கு ஒரே வெளிமுகவரியைப் பகிர்ந்தளிக்கும் முறையினால், ஏறக்குறைய இதே பாதுகாப்பைத் தருகிறது. ஆனால் ஐபிவி6 என்னும் புதிய முகவரி முறையில் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித்தனி வெளிமுகவரி கிடைத்துவிடுவதால், அங்கே ரௌட்டரின் ஃபயர்வால் இயங்குவது அத்தியாவசியமாகிறது.

விண்டோஸில் இப்போது இருக்கும் ஃபயர்வாலும் ரௌட்டரும் சேர்ந்தால் சாமானியக் குடும்பத்துக்குப் போதும் என்பது என் திடமான அபிப்பிராயம். காசு கொடுத்து வாங்குகிற சில, கணினியிலிருந்து வெளியே தொடர்புகொள்ள முயலும் ஒவ்வொரு நிரலையும் நிறுத்திச் சம்மதம் கேட்கும். அது உயர்ந்த பாதுகாப்பாகவே தோன்றும். ஆயினும், வருகிறவர் போகிறவர் ஒவ்வொருவருக்காகவும் எஜமானரைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிற காவற்காரனிடம் அவர் நாளடைவில் கண்ணைத் திறவாமலே 'சரி, சரி' என்று சொல்லப் பழகிவிடுவதைப் போல, பெயர் புரியாத நிரல்களைப் பற்றிய கேள்விகளுக்கு இடைவிடாமல் சம்மதித்துப் பழகிய கை, மறுக்க வேண்டிய சமயத்திலும் சம்மதித்துவிடும். அப்படியும் ஒன்றை வாங்குவீர்களானால், கணினிக்குள் ஒன்றே இயங்கட்டும். ஒரே யந்திரத்தில் இரண்டு ஃபயர்வால்கள் ஒன்றுக்கொன்று இடையூறு செய்யும்.

நாம் உண்மையில் தேர்ந்தெடுக்க வேண்டியது வேறோர் இடத்தில் இருக்கிறது. வலையமைப்பு ஒவ்வொன்றையும் 'பொது' என்றோ 'தனிப்பட்டது' என்றோ விண்டோஸ் வகைப்படுத்தி வைக்கிறது. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. 'தனிப்பட்டது' என்றால், அக்கம்பக்கத்துக் கணினிகள் நம்முடையதைக் கண்டுகொள்ளவும் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளவும் வழி ஏற்படுகிறது. கோப்புப் பகிர்வுக்குரிய 445ஆம் எண் போர்ட்டின் வழியாகத்தான் 2017 மே மாதத்தில் 'வான்னாகிரை' என்ற தீநிரல் பரவி, பிரிட்டனின் அரசாங்க மருத்துவமனைகளைக்கூட ஸ்தம்பிக்கச் செய்தது. ஆகவே விடுதி, விமான நிலையம், காப்பிக்கடை முதலிய இடங்களில் 'பொது' என்பதே தக்கது. வீட்டிலும், பிரின்டரையோ கோப்புகளையோ பகிரும் தேவை இல்லாதவர்கள் அதையே வைத்துக்கொள்வதில் நஷ்டம் ஏதுமில்லை.

இத்தனை செய்தும் ஃபயர்வாலுக்கு எட்டாத அபாயம் ஒன்று உண்டு. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் நிரலொன்றை நிறுவச் செய்கிறானே ஒரு வஞ்சகன், அவனை அது தடுக்காது. ஏனெனில் அந்த இணைப்பு நம் கணினியிலிருந்து, நம் சம்மதத்தின் பேரில், வெளிநோக்கிப் புறப்படுகிறது. இதை வீட்டுப் பெரியவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லும்படி மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

இனி நாம் செய்ய வேண்டியவை: முதலில் ரௌட்டரோடு வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். 2016இல் 'மிராய்' என்ற தீநிரல், மாற்றப்படாத அத்தகைய சொற்களைக் கொண்டே ஏராளமான கேமராக்களையும் ரௌட்டர்களையும் கைப்பற்றியது. பிறகு விண்டோஸின் பாதுகாப்புப் பகுதியைத் திறந்து, அங்கே காட்டப்படும் எல்லா வகை வலையமைப்புகளுக்கும் ஃபயர்வால் இயங்குகிறதா என்று பாருங்கள். ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். அதில் ஃபயர்வாலை நாமே இயக்கிவிட வேண்டியிருக்கும். சில நிமிஷ வேலைதான். இன்று மாலையே செய்துவிடுங்கள்.